பதின்மூன்று புள்ளி ஆறு

லூர்துராஜ் மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று
சாவியை என் கடை மேசையில் வைத்தான்.
பிரித்துப் போட்ட மிக்ஸிகளுக்கு நடுவே
ஒரு படகின் சாவி.
“பாய் கிழிஞ்சா கிழியட்டும், பெயிண்ட் உரிஞ்சா உரியட்டும்.
பேட்டரிய மட்டும் சாக விட்றாத ஜிந்தா.”

தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்த படகு, பதினாறடி.
மாடக்குளம் கண்மாயில் இறக்கியபோது
பழங்காநத்தத்தில் பாதி கரையில் நின்று சிரித்தது.
வைகையவே நாங்க நடந்துதான் தாண்டுறோம்,
மதுரைக்கு எதுக்குப்பா பாய்மரம்?

கட்டிப் போட்ட படகு சும்மா நிற்பதாகத்தான் தோன்றும்.
உள்ளுக்குள் அது செலவழிந்துகொண்டே இருக்கும்.
அடியில் கசியும் தண்ணீரை இறைக்க ஒரு குட்டி பம்ப்,
இருட்டினால் தானே எரியும் உச்சி விளக்கு.
இரண்டையும் நிறுத்தி வைத்தாலும்
பேட்டரி கொஞ்சம் கரையும், உப்பு மாதிரி.

பதினைந்து நாளுக்கொரு தடவை
இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்
அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையேறுவேன்.
டி.வி.எஸ். வண்டியில் காலிடுக்கில் வைத்துக் கடைக்கு.
ஒரு ராத்திரி சார்ஜ். மறுபடி கண்மாய்.
மூன்று லுங்கிகளில் ஆசிட் தின்ற ஓட்டைகள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும்: எவ்வளவு?
12.4 என்பேன். 12.1.
ஒருமுறை 11.8. பத்து நிமிஷம் திட்டினான்.
திட்டி முடித்து, மெஸ்ஸில் குழம்பு சரியில்லை என்றான்,
மகள் பேசமாட்டேன் என்கிறாள் என்றான்,
குளிர்சாதன அறையில் காற்றே இல்லை என்றான்.
எண்ணுக்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் வரும்.

பிறகு பணம் அனுப்பினான். நாற்பது வாட் சோலார் தகடு,
உள்ளங்கை அளவு கன்ட்ரோலர்.
முதலில் நடுவில் மாட்டினேன்.
பாய்மரத்தின் நிழல், இரண்டு விரல் அகலம்,
குறுக்கே விழுந்தாலே பாதி மின்சாரம் போய்விடும் என்றான்.
நம்பவில்லை.
மீட்டரைப் பிடித்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தேன்.
நம்பினேன். பின்பக்கம் மாற்றினேன்.

நீர்க்காகங்கள் அதன்மேல் சிறகு விரித்துக் காய்ந்தன,
எச்சமிட்டன. துடைத்தேன்.
சித்திரையில் தோசைக்கல்லாய்ச் சுடும்போது
தகடு தளர்ந்து குறைவாகத் தந்தது.
மழை கழுவிவிட்ட மார்கழிக் காலையில் தாராளம்.
வெயிலுக்கும் அளவு உண்டென்று
மதுரைக்காரன் எனக்கே அன்றுதான் தெரியும்.

13.6 என்றேன் அந்த ஞாயிறு.
அடுத்த ஞாயிறும் 13.6.
அதற்கடுத்து அவன் ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.
பிறகு கட்டைவிரலும் இல்லை.
தானே பார்த்துக்கொள்ளும் படகைப் பற்றி
இரண்டு ஆண்கள் என்னதான் பேசுவது?

இந்த வருஷம் கண்மாய் வற்றிவிட்டது.
அழகருக்காக ஆற்றில் திறந்த தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.
படகு கிழக்கே சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தது,
சேறு வெடித்தது.
சாய்வில் காலை வெயில் சீக்கிரமே கிடைக்கிறது.
இறைக்க ஒரு சொட்டு இல்லாத பம்ப்.
பேட்டரி இவ்வளவு நிறைவாக இருந்ததே இல்லை.

வாத்து மேய்க்கும் காசிமாயன்
தன் போனை அதில் சொருகிவிட்டு
பாயின் நிழலில் தூங்குகிறார்.
ராத்திரி உச்சி விளக்கு எரிகிறது.
எந்தக் கப்பல் வந்து இடிக்கப்போகுது பாய்? என்கிறார்.

நேற்று நானாகவே அனுப்பினேன்:
13.6.
அதில் பொய் இல்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டிருந்தான்:
“ஆடுதா?”

காசிமாயனை எழுப்பாமல் ஏறி உட்கார்ந்தேன்.
இந்தப் பக்கம் சாய்ந்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தேன்.
மண் அசையவில்லை.

காற்று இல்லடா இன்னைக்கு
என்று அடித்தேன்.