தனிச்சொல்

பதினோராம் வகுப்புக்கு வெண்பா நடத்துகிற வாரம்.
இரண்டாம் அடியின் கடைசியில்
சின்னதாய் ஒரு கோடு கிழித்து
அதற்கப்பால் ஒரு சொல்லை நிறுத்துகிறேன்.
"இதுக்குப் பேரு தனிச்சொல்."

பேராச்சி எழுந்து கேட்கிறாள்:
"தனியா நிக்குன்னா அது யாருக்கு டீச்சர் சொந்தம்,
மேல உள்ளதுக்கா, கீழ உள்ளதுக்கா?"
எதுகையால் மேலே, பொருளால் கீழே என்றேன்.
பரீட்சைக்கு அது போதும்.

செங்கோட்டை பாசஞ்சர்.
வீரவநல்லூரில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து,
பக்கத்து இருக்கையில் விடைத்தாள் பையை வைப்பேன்.
சேரன்மகாதேவியில் ஏறினார் அவர்.
புறங்கையில் வெல்டிங் பொறி சுட்ட வடு,
சட்டைப்பையில் இரும்பு ஸ்கேல்.
"இடம் இருக்கா?"
"ஆள் வருது."
பதினாறு வருசமாய் எல்லாரிடமும் சொல்லி
நாக்கிலேயே குடியிருக்கிற பொய்.
அவர் பையைப் பார்த்தார். தலையாட்டினார்.
கதவோரம் நின்றுகொண்டார்.
யாரும் வரவில்லை என்பதைப்
பேட்டை வரை
அவரும் நானும் பையும் பார்த்துக்கொண்டே போனோம்.

ராத்திரி, திருத்தாத ஒரு தாளின் பின்பக்கம்:

வண்டி வருமுன்னே வந்திருப்பேன் பக்கத்தில்
உண்டோ இடமென்ற ஓர்குரல் – கண்டும்
மொழியாமல் பேட்டை யிறங்கும் முகத்தை
வழியில் விடுமோ மனம்.

அசை பிரித்தேன். தளை எல்லாம் சரி.
அதுதான் உறுத்தியது.
மொழியாதவர் அவராம்!
எவ்வளவு சுத்தமாய்ப் பழியைத் தள்ளிவிடுகிறது
இலக்கணம்.
'கண்டும்' என்பதை அடித்து
'உண்டென' என்று எழுதினேன்.
பொருள் கொஞ்சம் உளறியது.
விளத்துக்கு முன்னே நிரை;
வெண்பாவுக்குள் ஆசிரியத்தளை
கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் கரும்பலகையில் அப்படியே எழுதிப்போட்டேன்.
எழுதியது யாரென்று சொல்லவில்லை.
பேராச்சிதான் பிடித்தாள்:
"டீச்சர், தளை தட்டுதே!"
வகுப்பே சிரித்தது.
"தட்டட்டும்ட்டி" என்றேன்.
என் பக்கம் எதுவும் தட்டி ரொம்ப நாளாச்சு
என்பதை விழுங்கிவிட்டு
ஈற்றடிக்கு வந்தேன்.

ஈற்றடிக்கு மூன்றே சீர்.
நாலாவது இடம் காலியாய் இருப்பதுதான் விதி.
யாரும் அங்கே
பை வைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை.
சேரன்மகாதேவியில் வண்டி நிற்கிறது.
ஏறுகிறவர்களின் செருப்புச் சத்தம்.
பை, மடியில்.