கணக்கு உதைக்கிறது

டர்பன். மார்ச் மாதத்துப் புழுக்கம். இரவுப் பணி.
ஆறாம் கட்டில் மெலூசிக்கு வயது ஐந்து.
நாளுக்கு நானூறு மில்லி,
அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது.
மாத்திரை விழுங்க இருபது, கஞ்சியில் எண்பது,
ஐஸ் கட்டி ஒன்றுக்குப் பத்து என்று
நான்தான் எழுதுகிறேன்.

உள்ளே போனது இடப்பக்கம்,
வெளியே வந்தது வலப்பக்கம்.
சிறுநீர் என்று தமிழில் சரியாகத்தான் பெயர் வைத்தார்கள்.
இவனுடையது மிகச் சிறிது,
அதுவும் சோப்பு கரைத்ததுபோல் நுரைத்து.
பட்டையை நனைத்தால் மஞ்சள்
கண்ணெதிரே கரும்பச்சையாகிறது.

"கன்னம் வைத்திருக்கிறான் என்று ஊரே மெச்சியது,
சிஸ்டர் மூட்லி" என்றாள் அவன் அம்மா, வந்த அன்று.
ஒரு காலை கண்ணைத் திறக்க முடியாமல் போனபிறகு
இரண்டு டாக்ஸி மாறி வந்திருக்கிறாள்.
முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.
குழி அப்படியே நின்றது,
பிசைந்த மாவில் நிற்பதுபோல.

மூன்று நாளாகக் கணக்கு உதைக்கிறது.
குடிப்பது குறைவு, எடை மட்டும் ஏறுகிறது.
தராசைச் சந்தேகப்பட்டேன்.
பகலில் வரும் நொம்வூலாவைச் சந்தேகப்பட்டேன்,
கேட்டால் கொடுத்துவிடுவாள், பெயரே மழை.
அம்மாவின் பையைக்கூடத் திறந்து பார்த்தேன்.
அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நேற்று விடியுமுன் பார்த்தேன்.
முகம் துடைக்க நான் நனைத்து வைத்த துணி
அவன் வாயில்.
கண்ணை மூடி, சத்தமே இல்லாமல்,
தொழில் தெரிந்தவன்போல் உறிஞ்சுகிறான்.
ஜன்னல் நிறைய இந்துமாக் கடல்.
கடல் தெரியும் கட்டிலைப்
பரிசுபோல் கொடுத்தவளும் நான்தான்.

"அமான்ஸி" என்றான், பிடிபட்டவன்.
தண்ணீருக்கு அவனிடம் அந்தச் சொல்,
என்னிடம் இந்தச் சொல்.
படிவத்தில் இரண்டும் இல்லை. மி.லி. மட்டும்.

திட்டியிருக்கலாம்.
இன்னொரு துணியை அதேபோல் நனைத்து
தராசில் வைத்தேன். பிறகு காய்ந்த துணியை. கழித்தேன்.
கிராமுக்கு ஒரு மில்லி: முப்பத்தெட்டு.
இரவில் மூன்று முறை நனைத்து வைக்கிறேன்.
இடப்பக்கத்தில் எழுதினேன்:
துணி, நூற்றுப் பதினான்கு.

கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளினோம்.
நானூறிலிருந்து எட்டு ஐஸ் கட்டிகளுக்கு ஒதுக்கினேன்,
எப்போது என்பதை அவனே சொல்வான் என்று ஒப்பந்தம்.
முதல் கட்டியை இரவு இரண்டு மணிக்குக் கேட்டான்.
கரையும்வரை இருவரும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் எடை முக்கால் கிலோ இறங்கியது.
வலது கணுக்காலில் எலும்பு வெளியே வந்திருந்தது.
அம்மா தொட்டுப் பார்த்து,
எலும்பு தெரிகிறதே, இளைத்துவிட்டானே என்று பதறினாள்.
ஆமாம் என்றேன்,
ஆமாம், எலும்பு.