நான்கு விரற்கடை

சொல்லாமல்தான் போவோம்; சட்டம் அப்படி.
டுலூத்தில் பிப்ரவரி. ஏரி கல்லாகிக் கிடந்தது.
வரவேற்பறையில் எலுமிச்சை வாசம் தூக்கல்.
எதை மூடுகிறார்கள் என்று மூக்கு கேட்டது,
இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அறை பதினேழு. ஐனோ ரவுத்தியோ,
இரும்புத்தாதுக் கப்பலில் என்ஜின் பார்த்தவர்.
என் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்: மார்லிஸ்.
அழைப்பு மணியை நான்தான் அழுத்தினேன்.
பத்தொன்பது நிமிடம்.
"இன்றைக்குப் பரவாயில்லை" என்றார்.

இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்ததாக
ஏட்டில் ஒரே பேனாவின் கையெழுத்துகள்.
நான்கு மணிக்கும் போட்டாகிவிட்டது.
என் கடிகாரத்தில் மூன்று பத்து.

குதிகாலில் நாணயம் அளவு சிவப்பு,
அழுத்தினால் வெளுக்கவில்லை.
எழுதிக்கொண்டேன்.

மேசையில் தண்ணீர், கோப்பை நிறைய.
அவர் கை நீண்டது, நின்றது.
இடையில் நான்கு விரற்கடை.
படிவத்தின் கேள்வி: தண்ணீர் வைக்கப்பட்டுள்ளதா?
வைக்கப்பட்டுள்ளது.

எடுத்துக் கொடுத்தேன்.
கடைசிச் சொட்டுவரை குடித்தார்.
பிறகு நிரப்பி,
எங்கே இருந்ததோ அங்கேயே திருப்பி வைத்து
அளவுகோலோடு படம் எடுத்தேன்.

அவர் கோப்பையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.