ஒண்ணும் ஆகாது

மணிக்கு இருநூறு ரூபாய்.
வண்டி என்னுடையது, பெட்ரோல் என்னுடையது.
போன் அவர்களுடையது,
பெரும்பாலும் மகன்கள் கழித்துப்போட்ட பழசு.

சமாதானபுரத்தில் உச்சிமாகாளி அண்ணாச்சி,
மின்வாரியத்தில் கம்பம் ஏறிய ஆள்.
பதினோராயிரம் வோல்ட்டுக்கு அஞ்சாத விரல்
திரைக்கு மேலே அரை அங்குலத்தில்
நடுங்கிக்கொண்டு நிற்கும்.
மேலப்பாளையத்தில் செய்யதலி பாத்திமா.
பீடி சுற்றித் தேய்ந்த கட்டைவிரலை
எந்த மிஷினும் அவளுடையது என்று ஒத்துக்கொள்ளாது.
எல்லாருக்கும் என் முதல் பாடம் ஒன்றுதான்:
"அமுக்குங்க. ஒண்ணும் ஆகாது."

எமிமா சிஸ்டர் அமுக்கினார்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம்.
பென்ஷன் கணக்கிலிருந்து நாற்பத்தோராயிரம்,
ஒரு செவ்வாய்க்கிழமை, சோறு வடிக்கிற நேரத்தில்.
மஸ்கட்டிலிருந்து மகள் எனக்குப் பேசினாள்.
என்ன பேசினாள் என்பது இங்கே வேண்டாம்.

வியாழக்கிழமை போனேன்,
இனி வர வேண்டாம் என்பதைக் கேட்டுக்கொள்ள.
நோட்டை நீட்டினார்.
எல்லாவற்றையும் எழுதிவையுங்கள் என்று
நான் வாங்கிக் கொடுத்த நோட்டு.
என் பாடம் முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்
அவன் பாடம்.
கேஸ் ஷீட் எழுதிய கை, நேரத்தை விடாது:

11.10 வங்கியிலிருந்து அழைப்பு. மரியாதையான பையன்.
11.14 பச்சைப் பட்டனை அமுக்கச் சொன்னார்.
11.17 கண்ணாடியைத் தேடினேன். காத்திருந்தார்.
11.21 ஆறு நம்பர். நிதானமாக வாசிக்கச் சொன்னார்.
11.22 பயமாக இருக்கிறது என்றேன்.
ஒண்ணும் ஆகாதும்மா என்றார்.

காத்திருந்தானாம்.
போன வாரம் அதே கண்ணாடியைத் தேடியபோது
நான் வாட்ச்சைப் பார்த்தேன்.

"உன் சத்தம் கணக்காத்தான் இருந்துச்சு, பிள்ள."
கோபமில்லை. ஜுரம் எத்தனை என்று சொல்கிற குரல்.
கொஞ்சம் கழித்து,
"நானும் அதத்தான சொல்லுவேன்,
ஊசி போடுததுக்கு முன்னால."

அன்றைக்குப் புதுப் பாடம்.
நான் அடுப்படியில் நின்று அழைத்தேன்,
அவர் முன்னறையில் எடுத்தார்.
வங்கி மேனேஜராகப் பேசினேன், கூரியர்காரனாக,
டெல்லி போலீசாக,
பேரனுக்கு ஆக்சிடென்ட் என்று அழுதுகூடப் பார்த்தேன்.
சிவப்பை அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.
முதல் தடவை "நல்லா இருக்கியளா" என்று கேட்டார்.
மூன்றாவதில் "மன்னிச்சிக்கிடுங்க, வைக்கேன்" என்று சொல்லி வைத்தார்.
அழுதபோது "ரத்தம் போவுதா?" என்றார்.
எட்டாவதில்
நான் மூச்சை இழுக்குமுன் வெட்டினார்.

சம்பளத்தை ரொக்கமாகத் தந்தார்,
இரண்டு தடவை எண்ணி.

கொக்கிரகுளத்தில் போலீஸ் நிற்பதைப் பார்த்த பிறகுதான்
எனக்குத் தலை ஞாபகம் வந்தது.
ஹெல்மெட் அவர் மேசைமேல்.
புளியமர நிழலில் ஓரங்கட்டி அழைத்தேன்.
"சிஸ்டர், நான்தா..."
கட்.
மறுபடி அழைத்தேன்.
என் பெயர்தான் அவர் திரையில் வந்திருக்கும்,
நானே பதிந்துகொடுத்த பெயர்.
கட்.
மூன்றாவது தடவை மணியே போகவில்லை.

பிளாக் பண்ணுவது
அடுத்த வாரப் பாடம்.
வண்டியைத் திருப்பினேன்.