பத்தொன்பதாம் கம்பி

தண்டர் பே. டிசம்பர் இருபத்துமூன்று, இரவு ஒரு மணி.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
தானியக் கிடங்கின் கட்டுப்பாட்டு அறையில்
திரை ஒரே வரியைச் சொல்லிவிட்டு நிற்கிறது:
பத்தொன்பதாம் கம்பி கூப்பிட்டது,
ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

கெர்னலின் கணக்கு கறாரானது.
லட்சம் தடவை மணியடித்து, அதில்
தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் தடவை
வாசலில் ஆளில்லை என்றால்
மணியின் கம்பியையே கழற்றிவிடும்.
நான் அதைக் குறைசொல்ல மாட்டேன்.
என் போனில் இரண்டு பேரின் எண்ணை நானும் அப்படித்தான்.
சரி, அது வேறு கதை.

மணியடித்தது எடை அட்டை.
பட்டையில் ஓடும் கோதுமையை நிறுத்துச் சொல்வது அதன் வேலை.
இப்போது கோதுமை ஓடினால் எடை ஓடாது.
துறையில் சீசனின் கடைசிக் கப்பல்,
அதன் விலாவில் ஏரி உறையத் தொடங்கிவிட்டது.
ரைனோ லெஹ்டினென் எட்டிப் பார்த்து
"எவ்வளவு நேரம்?" என்கிறார்.
சொல்லுக்கு வரி கட்டுகிறவர் போலப் பேசுகிற எலெக்ட்ரீஷியன்.
தெரியாது என்கிறேன்.
கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார்.

அட்டை செய்த கம்பெனிக்குப் போன வாரமே எழுதிவிட்டேன்.
பதிலில் ஒரு பக்க எண் மட்டும் இருந்தது.
அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பில்:
அறிந்த குறை. திருத்தும் திட்டம் இல்லை.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று
இந்த இயந்திரங்களைக் கட்டியிருக்கிறார்கள்.
செயலி தூங்கும், வேண்டியவன் எழுப்புவான்.
நல்ல ஏற்பாடுதான்,
பிள்ளைக்கு அழத் தெரிந்திருந்தால்.
இது பசிக்காதபோது ஊரைக் கூட்டுகிறது,
பசித்தால் வாயை மூடிக்கொள்கிறது.

ஆகவே, அழுகையை நம்புவதில்லை இனி.
ஒரு டைமர் வைத்து
நாமே போய்த் தொட்டிலை எட்டிப் பார்ப்பது.
பத்து மில்லி செகண்டுக்கு ஒருமுறை பார்த்தேன்,
டன்னுக்கு மூன்று கிலோ நழுவியது.
நான்காகக் குறைத்தேன்.
ஏதாவது உண்டா? இல்லை.
ஏதாவது உண்டா? இல்லை.
உண்டா? இல்லை.
உண்டா?
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
உண்டா?

கெர்னலுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது.
மிசிசாகா கல்யாணத்துக்கு முதல்நாள்
சித்தி காதோடு சொல்லிவைத்த மாதிரியான பட்டியல்:
இன்னாரை அன்னாருக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதே.
அவரிடம் இரண்டு தடவை கேள், முதல் பதில் பொய்.
இவர் கண்ணயர்ந்தால் முடிந்தது, எழுப்ப முடியாது,
தூங்கவே விடாதே.
இத்தனை வருஷத்தில் ஒருவரும் திருந்தவில்லை.
எல்லோருக்கும் பந்தியில் இலை விழுந்திருக்கிறது.

என் அட்டையையும் அதில் சேர்த்தேன்:
தயாரிப்பாளர் எண், சாதன எண்,
கூப்பிடும் என்று காத்திராதே.
ஏன் என்று பக்கத்தில் நாலு வரி.
முதலில் எழுதியதில் ஒரு கெட்டவார்த்தை இருந்தது,
எடுத்துவிட்டேன்.
பிறகு யோசித்து,
கம்பெனியின் பெயரை முழுதாக எழுதினேன்.

மூன்று நாற்பதுக்குப் பட்டை ஓடியது.
செயலிக்கு இனித் தூக்கமில்லை,
நூற்றில் ஆறு பங்கு வெறும் விசாரிப்பிலேயே போகிறது.
குறுக்கீடுகளின் கணக்கில்
பத்தொன்பதுக்கு நேரே பூஜ்யம்.
கப்பல் மெல்லத் தாழ்கிறது.

ரைனோ உள்ளே வருகிறார், மீசையில் பனி.
இது இன்றிரவு ஏழாவது தடவை.
எங்கேதான் போய்வருகிறீர்கள்?
"மோட்டார். பேரிங் சுடுகிறதா என்று."
அதற்கு அலாரம் இருக்கிறதே, வேலை செய்யவில்லையா?
"செய்கிறது."

காபியில் பாதியை நின்றபடி குடிக்கிறார்.
கடிகாரத்தைப் பார்க்கிறார்.
இந்த முறை கையுறையை மேஜையிலேயே விட்டுவிட்டு
வெறுங்கையோடு போகிறார்.