மூன்றாவது கட்டம்

கணினி வந்த செவ்வாய்க்கிழமை
சுங்கை தாவார் கிளினிக்கில் நல்ல மழை.
பெட்டியைப் பிரிக்குமுன் ஹஃபிஸ் கேட்டது
கூரை எங்கே ஒழுகும் என்று.
அன்றைக்கே அவனைப் பிடித்துப்போனது.

பதினோராயிரத்துச் சொச்சம் மஞ்சள் அட்டைகள்.
செம்பனைத் தோட்டம் மூன்று,
மூடிப்போன ரப்பர்த் தோட்டம் ஒன்று,
பஸ் நிலையத்துக்குப் பின்னால் அடுக்குவீடுகள்.
எல்லாருடைய இருமலும் சர்க்கரையும்
என் அலமாரிகளில்தான்.
மூன்று மாதத்தில் ஏற்றி முடி
என்றது மேலிடத்துக் கடிதம்.

ராமாயி த/பெ முனியன் மட்டும் நான்கு பேர்.
ஐசி நம்பரைப் பார்க்காவிட்டால்
ஒருத்தியின் ரத்த அழுத்தத்தை
இன்னொருத்தி தலையில் ஏற்றிவிடுவேன்.
ஆகவே உரக்கப் படித்தே தட்டினேன்,
எதிரே தாதி ரொஸ்னா சரிபார்த்தாள்.
நாளைக்கு எண்பது.
விரல் வலித்தால் எழுபது.

'அலாஹான்' என்றொரு கட்டம். ஒவ்வாமை.
உண்டு, இல்லை என இரண்டே பதில்.
தொடாமல் விட்டால் அதுவாகவே
இல்லை என்று நிரப்பிக்கொள்ளும்.
எவ்வளவு ஒத்தாசையான யந்திரம்!
எண்பது தொண்ணூறானது.

ஜூலையில் ஒரு மத்தியானம்
குலை வெட்டும் வீரப்பெருமாள் வந்தார்.
செம்பனை முள் ஏறிய உள்ளங்கை
பழுத்த பப்பாளி மாதிரி.
கிளந்தானிலிருந்து வந்து
ஆறு வாரம்கூட ஆகாத டாக்டர் நிக் சுராயா
திரையைப் பார்த்தார். இல்லை.
அவரையும் கேட்டார், மலாயில்.
வலியில் அவர் எதைக் கேட்டாலும்
'தாக் அடா, டாக்டர்' என்றார்.

ஊசி தட்டில் ஏறிவிட்டது.

அவர் மனைவி பூங்காவனம்
கவுண்டரில் வந்து நின்றாள், கோபமாக.
"அந்த மஞ்ச அட்டை எங்கக்கா?
அதுல செவப்பா என்னமோ எழுதியிருக்குமே."

ஓடினேன்.
ஏற்றி முடித்தவை என்று
நானே கயிறு போட்டு வைத்த கட்டு.
கத்தரிக்கோல் கிடைக்கவில்லை, பல்லால் அவிழ்த்தேன்.
அட்டையின் பின்பக்கம், மூலையில், சிவப்பு மை:
பென்சிலின். 1998. மூச்சுத் திணறல்.
யாரோ இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்கள்.

பின்பக்கத்தை நான் திருப்பவே இல்லை.

டாக்டர் மருந்தை மாற்றினார்.
கத்துவார் என்று நின்றுகொண்டிருந்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
'எப்படி நடந்தது, எழுதுவோம்' என்றார்.
யார் என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை.

இரவு ஹஃபிஸ் வந்தான், ஆறிப்போன தே ஓவோடு.
ஏற்றியதில் எத்தனை இல்லை
உண்மையான இல்லை என்று கேட்டான்.
எனக்குத் தெரியாது.
"அப்படியானால்
அதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும்."

மாநில அலுவலகத்துக்கு ஐந்து கடிதம்,
எண்ணாத போன்கள்.
ஒன்றரை மாதம் கழித்துக் கட்டம் மூன்றானது:
உண்டு. இல்லை.
இன்னும் கேட்கவில்லை.
தொடாமல் விட்டால் இனி அதுதான் நிற்கும்,
கேட்டு முடிக்கும்வரை
மருந்து எழுத விடாமல்.

கேள்வியையும் மாற்றினோம்.
ஒவ்வாமை என்றால் லயத்தில் யாருக்குத் தெரியும்?
'எந்த மருந்து சாப்பிட்டு
உடம்பு தடிச்சுது, மூச்சு முட்டுச்சு?'
நேப்பாளிப் பையன்களுக்காக
பீம் பகதூர் தன் மொழியில் எழுதிக் கொடுத்தான்.
மாரியம்மன் கோயில் காலண்டருக்கு அடியில்
நான் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை
ரொஸ்னா கிழித்துத் தின்பதுபோல் நடித்துவிட்டு
குப்பையில் போடாமல் எரித்தாள்.

அட்டைகளை முதலிலிருந்து எடுத்தேன்.
நாளைக்கு நாற்பது, இரண்டு பக்கமும்.
மேலிடம் கேட்டது ஏன் தாமதம் என்று.
அந்தத் தாளின் நகலை அனுப்பினேன்.

கட்டுப் பிரிக்க வந்த வீரப்பெருமாள்
கவுண்டரில் குனிந்தார்.
"இதுலயும் செவப்பா இருக்கா?"
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
இருந்தது.
வரிசையில் அடுத்து நின்றவரும்
கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.
வெடுக்கென்று
என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.