ஆறு, இரண்டு, சுழி

தார்த்துவில் ஆறு உறைந்து
பையன்கள் அதன்மேல் நடந்தே கடந்தார்கள்.
அடியில் சுழி சுழன்றுகொண்டுதான் இருந்திருக்கும்.
இயற்பியல் கட்டடத்தின் நிலவறையில்
இருபத்தேழு பேருக்கு ஒரே லினக்ஸ் இயந்திரம்,
அதற்கு நான் காவல்.

விர்வே மூன்றாம் முறையாக இறங்கி வந்தாள்,
கையில் கீபோர்டோடு.
"இதுவும் எழுத்தைத் தின்கிறது, ஹெல்துர்.
ஐந்து தட்டினால் மூன்றுதான் திரைக்கு வருகிறது.
இங்கிருந்து ஹெல்சிங்கி இயந்திரத்துக்குப் போக
நாலு தடவை கடவுச்சொல் அடித்தேன்,
நாலு தடவையும் நான் நானில்லை என்கிறது."

கீபோர்டில் பிஸ்கட் தூள் இருந்தது.
வேறொன்றும் இல்லை.

அவளுடைய முனையம் முனையமே அல்ல.
இரும்பும் கண்ணாடியும் இல்லாத போலி;
நுழைந்தால் ஒரு எண் கிடைக்கும்,
வெளியேறினால் அது அடுத்தவருக்குப் போகும்
விடுதிக் கட்டில் மாதிரி.
விரிப்பை மாற்றினார்களா என்று யாரும் கேட்பதில்லை.
நானும் கேட்டிருக்கவில்லை.

அனுமதி வரியைப் பார்த்தேன்:
ஆறு, ஆறு, ஆறு.
உரியவர் படிக்கலாம், எழுதலாம்.
குழு படிக்கலாம், எழுதலாம்.
ஊரே படிக்கலாம்.

இரண்டாம் மாடியில் தாவெட் படித்துக்கொண்டிருந்தான்.
நகல் எடுப்பதாக நினைத்திருப்பான்.
ஒரே குழாயில் இருவர் குடம் வைத்தால்
ஒருவருக்கு விழுந்த துளி மற்றவருக்கு இல்லை.
அவனிடம் சேர்ந்த ஒவ்வொரு எழுத்தும்
அவளிடம் குறைந்தது.
அந்தக் குறைச்சல்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

ஆறு, இரண்டு, சுழி என்று மாற்றினேன்.
உரியவளுக்கு இரண்டும்.
குழுவுக்கு எழுத மட்டும்:
சன்னலைச் சுண்டிக் கூப்பிடலாம்,
எட்டிப் பார்க்கக் கூடாது.
மற்ற எல்லோருக்கும் சுழி.

பிறகு, சாட்சிக்காக,
தாவெட் சேர்த்த கோப்பைத் திறந்தேன்.
ரூட் என்ற பெயருக்கு எந்த எண்ணும் பூட்டில்லை.
பல் உதிர்ந்த வாய்போல வரிகள்:
மருத்து… சொன்…
யாரிட… இன்… சொல்லவி…
விடுபட்டதை என் மனம் தானாகவே நிரப்பிற்று.
நிரப்பும்வரை நான் சாட்சி தேடியவன்.
அதன்பின் என்ன பெயர் எனக்கு?

இரவு, உள்ளே இருப்பவர் பட்டியலில்
விர்வேயின் பெயருக்கு எதிரே ஒரு கழித்தல் குறி.
செய்தி வேண்டாம் என்று அவளே சாத்திக்கொண்டது.
ரூட்டின் வரி அந்தக் குறியைத் தாண்டிப் போய் விழும்.
அடித்தும் விட்டேன்: விர்வே, உன் கடிதத்தை
அழித்தேன்.

முப்பத்தெட்டுப் படி.
அறையில் விளக்கு எரிந்தது.
இந்தத் தடவை கதவைத் தட்டினேன்,
விரல் முட்டியால், ஒரே ஒரு தரம்.
திறக்காமலிருக்கவும் அவளுக்கு அனுமதி உண்டு.
மறுபடி தட்டாமல்
நின்றேன்.